கிளிப்படம் பார்க்கப் போன கதை

சேகரிப்புப் பைத்தியம் பிடித்தவர்களிடமிருந்து முதலில் விடைபெறுவது வெட்கம். மானம் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் போகும். எனக்கு இரண்டும் ஒரே சனிக்கிழமை காலையில் போயின. அச்சுவேலியில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் பிரம்புக் கதிரையின் இருக்கைக்குள் முழங்கால்வரை கால் புதைந்து நின்றேன். கையில் ஒரு படம் இருந்தது. அதை மட்டும் நான் விடவில்லை.

எட்டு வருடமாகிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் சிரித்து முடியவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு வரைய வராது. பதினைந்து வயதில் ஒரு சினிமா நடிகர்மேல் எனக்கிருந்த பக்தியைத் தேவாலயத்தில் காட்டியிருந்தால் இன்றைக்கு மோட்சத்துக்கு நேர் வழி கிடைத்திருக்கும். அவரை நாற்பத்தொரு தடவை பென்சிலால் வரைந்தேன். ஒவ்வொன்றையும் அண்ணை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "அவர்தான். ஆனா காய்ச்சல் வந்து எழும்பினாப் பிறகு" என்பார். நாற்பத்தொன்றாவதை அந்த நடிகருக்கே தபாலில் அனுப்பிவிட்டு, பதிலுக்காக ஒரு மாதம் வாசல் படலையடியில் நின்றேன். (தபால்காரருக்கும் எனக்கும் ஏதோ இருக்கிறதென்று அம்மா பயந்தது தனிக்கதை.) பதில் வரவில்லை. அன்றைக்கு எனக்குப் புத்தி வந்தது. எல்லோரும் வரைந்தால் யார்தான் சேர்ப்பது?

சேர்க்கத் தொடங்கியது மாமி வீட்டில். அவருடைய அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு பழைய அச்சுப்படம் ஒட்டியிருந்தது. பச்சைச் சேலை உடுத்த ஒரு பெண், பக்கத்தில் ஒரு மயில். எப்போதோ மூடிப்போன ஒரு சவர்க்காரக் கொம்பனி, குளிக்கிற சவர்க்காரம் வாங்கியவர்களுக்கு இனாமாகக் கொடுத்த படம். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில், இது ஆறு படங்களில் முதலாவது என்று போட்டிருந்தது. மாமிக்கு அது அலுமாரிக் கதவு. எனக்கு அந்த 'ஆறு' என்ற சொல் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

ஆறு பெண்கள், ஆறு பறவைகள். நாலு வருடத்தில், மாமியின் மயிலோடு சேர்த்து, ஐந்தைப் பிடித்தேன். அன்னம் நல்லூரில் ஒரு தையல் கடையில் கிடைத்தது. அதற்காகத் தேவையில்லாமல் ஏழு சட்டை தைத்தேன். புறா குருநகரில் மீன் விற்கும் ஒரு அக்காவின் குசினியில், அடுப்புக்கு மேலே இருந்தது. அவருக்கு அந்தோனியார் படமொன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்து மாற்றினேன். குயிலும் மைனாவும் ஒரு பழைய சலூன்காரரிடம் இருந்தன. அவர் தரமாட்டேன் என்றார். நான் அண்ணையை மாதத்தில் மூன்று தடவை தலைமயிர் வெட்ட அனுப்பினேன். அண்ணை கிட்டத்தட்ட மொட்டையான கட்டத்தில் சலூன்காரர் மனமிரங்கினார்.

மிச்சம் கிளி. எங்கள் வீட்டுச் சுவரில் ஐந்து படங்களும், ஆறாவதற்கு ஒரு வெறும் ஆணியும் இருந்தன. அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா பெருமூச்சு விடுவார். "மற்ற வீடுகளிலை பெட்டையள் மாப்பிளை தேடுதுகள். எங்கடை வேதக்காரப் பெட்டை சவுக்காரக் கிளியைத் தேடித் திரியுது." (வேதக்காரர் என்பது எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களுக்குள்ள பெயர். நாங்கள் மூன்று தலைமுறை மிஷன் பள்ளிக்கூடக் குடும்பம். என் பெயர் மெர்சி. தொழில், விஞ்ஞான ஆசிரியை.)

ஒரு வியாழக்கிழமை, என்னோடு படிப்பிக்கிற சாந்தினி ரீச்சர் தன் சித்தப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் படத்தை வட்ஸ்அப்பில் போட்டிருந்தார். சித்தப்பா கேக் வெட்டுகிறார். அவர் தலைக்குப் பின்னால், சுவரில், கிளி! நான் சித்தப்பாவைத் தள்ளிவிட்டு (விரலால்தான்) படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். சந்தேகமேயில்லை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

"சனிக்கிழமை போய்ப் பாருமன்" என்றார் சாந்தினி. "அச்சுவேலியிலைதான். நான் சித்திக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிவிடுறன்."

அவர் சொல்ல மறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்த பிழை. மிச்சமெல்லாம் பண்பாடு.

அந்தப் பண்பாட்டைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஊர்களில் கலியாணப் பேச்சு வந்தால், மாப்பிள்ளை பகுதி முறைப்படி வருவதற்கு முன்னால், யாராவது ஒரு பெண் சும்மா வருவதுபோல வந்து பார்த்துவிட்டுப் போவது வழக்கம். வீடு எப்படி, கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா, பெண் சிரித்த முகமா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வருகிறவர் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லுவார். வழி கேட்பார், முருங்கையிலை கேட்பார். வீட்டுக்காரருக்கு விஷயம் விளங்கும். ஆனாலும் விளங்காத மாதிரி உபசரிக்கவேண்டும். கேட்பதும் தப்பு, சொல்வதும் தப்பு. சாந்தினியின் சித்தி பரமேஸ்வரி அன்ரிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் சுகன்யாவுக்குத் தென்மராட்சியில் ஒரு சம்பந்தம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை பகுதியிலிருந்து இந்தக் கிழமைக்குள் ஏதோ ஒரு நாள் யாரோ சும்மா வருவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அந்தக் கிழமைதான் நான் ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். கையில் ஒரு பெட்டி கேக். தோளில் ஒரு பை. அதற்குள் அளவு நாடா, குறிப்புப் புத்தகம், உருப்பெருக்கிக் கண்ணாடி.

"நான் மெர்சி. சாந்தினி ரீச்சரோடை படிப்பிக்கிறனான். உங்கடை வீட்டிலை ஒரு படம் இருக்கெண்டு கேள்விப்பட்டு, பாத்திட்டுப் போக வந்தனான்" என்றேன்.

பரமேஸ்வரி அன்ரி என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார். பிறகு, நான் இதுவரை எந்த வீட்டிலும் காணாத அன்போடு சிரித்தார்.

"படமோ! ஓம், ஓம். பாருங்கோ, நல்லாப் பாருங்கோ. உள்ளை வாங்கோ பிள்ளை."

(முருங்கையிலை, வெற்றிலை, கோழிக்குஞ்சு என்று எத்தனையோ சாட்டுச் சொல்லி வந்த ஆட்களைக் கேள்விப்பட்டிருக்கிறாராம். படம் பார்க்க என்று ஒருத்தியும் வந்ததில்லையாம். அதோடு நான் பொட்டும் வைக்காமல், வேதக்காரப் பெயரும் சொல்லி வந்தது அவருக்கு ஒரே வியப்பு. "என்ன கெட்டித்தனமா வேசம் போட்டு வந்திருக்கிறா பாருங்கோ" என்று குசினிக்குள் போய்ப் புருஷனிடம் சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.)

வெயிலில் வந்த களைப்பில் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். கேட்டதுதான் தாமதம், சிவலிங்கம் அங்கிள் (பிறந்தநாள் சித்தப்பா) என்னைக் கிணற்றடிக்கே கூட்டிக்கொண்டு போனார். என் கண் முன்னால் புதுத் தண்ணீர் அள்ளி, செம்பில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பரீட்சை மறுமொழிக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல நின்றார்.

"எப்பிடி?"

என்னிடம் அபிப்பிராயம் கேட்டால் சும்மா விடுவேனா? விஞ்ஞான ஆசிரியை அல்லவா! "நல்ல தண்ணி அங்கிள். கொஞ்சம் சுண்ணாம்பு கூட. கேத்திலிலை வெள்ளையாப் படியும், என்ன?"

அவர் முகம் வாடிப்போனது. "கொஞ்சம்தான் பிள்ளை. கொதிக்க வச்சுக் குடிச்சா ஒண்டும் செய்யாது" என்றார். ஏன் இந்த மனிதர் கேத்திலுக்காக இவ்வளவு கவலைப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஹோலுக்கு வந்தால் தேநீர், வடை, பயற்றம் பணியாரம், கதலி வாழைப்பழம். தட்டத்தோடு சுகன்யா வந்தாள். படம் பார்க்க வந்தவளுக்கு ஏன் பட்டுச்சேலை கட்டி வடை கொண்டுவருகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. ஏனென்றால் அவளுக்குப் பின்னால், வடக்குச் சுவரில், கிளி இருந்தது.

சிவப்புச் சேலை, வலது மணிக்கட்டில் பச்சைக் கிளி. நிறம் மங்கவேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன வடிவு!" என்றேன். சுகன்யா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். பரமேஸ்வரி அன்ரியின் கண்ணும் கலங்கியது.

அதற்குப் பிறகு என்னை ஒருவராலும் நிற்பாட்ட முடியவில்லை. நாடாவை எடுத்துப் படத்தை அளந்தேன். சுவரை அளந்தேன், நிலத்திலிருந்து எவ்வளவு உயரமென்று. குறிப்புப் புத்தகத்தில் 'வடக்குச் சுவர், ஈரம் உண்டு' என்று எழுதினேன். சட்டத்துக்கு ஈரம் ஆகாது என்ற கவலையில், "அன்ரி, இந்தச் சுவர் ஊறுதே, இதுக்கு ஏதாவது செய்யவேணும்" என்றும் சொன்னேன்.

"வாற மாசமே பூசிப்போடுவம்" என்றார் அங்கிள், மூச்சு விடாமல்.

கடைசிப் பிள்ளை அபி, அப்போது பதினேழு வயது, சோபாவில் இருந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு, "அம்மா, எனக்கெண்டா இந்த அக்கா உண்மையாவே படத்துக்குத்தான் வந்திருக்கிறா போலை கிடக்கு" என்றாள்.

"வாயை மூடு" என்றார் பரமேஸ்வரி அன்ரி.

ஓரத்தில் இருக்கும் ஓவியரின் கையெழுத்தைப் பார்க்கவேண்டும். சட்டத்தின் கீழ்ப்பட்டை மறைத்திருக்கும் சவர்க்காரப் பெயரையும் பார்க்கவேண்டும். அதற்குப் படத்தை இறக்கவேண்டும். கேட்டேன். எது கேட்டாலும் 'ஓம்' சொல்லும் நிலையில் அவர்கள் இருந்தார்கள். பக்கத்திலிருந்த பிரம்புக் கதிரையை இழுத்து, ஏறி நின்று, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்போது படலையில் ஓட்டோ ஒன்று நின்றது. ஒரு நடுத்தர வயது அம்மாவும் அவருடைய மகளும் இறங்கி வந்தார்கள். இருவரும் பட்டுச்சேலை. அம்மாவின் கழுத்தில் தடித்த சங்கிலி.

"வெங்காயம் இருக்கோ? ஒரு ரெண்டு கிலோ வாங்குவமெண்டு வந்தனாங்கள்" என்றார் அந்த அம்மா, கண் வீட்டைச் சுற்றி ஓட.

பட்டுச்சேலை கட்டி வெங்காயம் வாங்க வந்தவர்களை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். மற்ற நாளென்றால் பரமேஸ்வரி அன்ரி ஒரு நொடியில் பிடித்திருப்பார். ஆனால் மாப்பிள்ளை பகுதிதான் ஏற்கெனவே கதிரையில் ஏறி நிற்கிறதே! வாசலிலேயே மறித்துக்கொண்டு, "வெங்காயம் முடிஞ்சுது. சந்தைக்குப் போங்கோ" என்றார். அங்கிள் இன்னும் ஒரு படி மேலே போனார்.

"குறை நினையாதேங்கோ. வீட்டிலை ஒரு நல்ல காரியம். மூத்த பிள்ளையைப் பாக்க மாப்பிளை பகுதி வந்து நிக்கினம்" என்று சொல்லி என்னைக் காட்டினார்.

"என்னது?" என்றேன் நான்.

"என்னது?" என்றார் வெங்காய அம்மா.

"மாப்பிளை பகுதி எண்டால் அது நாங்கள்!" என்றாள் மகள்.

"ஐயோ, நான் கிளிக்கு வந்தனான்!" என்று கத்திக்கொண்டு நான் ஒரு காலை எடுத்து மறுபடி வைத்தேன். பிரம்புப் பின்னல் 'சர்' என்று கிழிந்தது. வலது கால் முழங்கால்வரை கீழே போயிற்று. இடது கால் கதிரை விளிம்பில் நின்றது. படம் மார்பில். வடைத் தட்டம் மட்டும் நிலத்தில்.

ஒரு வடை உருண்டு போய் வெங்காய அம்மாவின் காலடியில் நின்றது. மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டு ஓடிவிடவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஓடுவதற்குக் கால் வேண்டும்.

பரமேஸ்வரி அன்ரி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் அவர் இன்னொன்றையும் கவனித்தார். வெங்காய அம்மாவின் முகத்தில் கோபம் இல்லை, யாரோ முந்திவிட்டார்களோ என்ற பயம் இருந்தது. அந்த அம்மாவின் கண் என் நாடாவில் இருந்தது, குறிப்புப் புத்தகத்தில் இருந்தது, நான் கொண்டுவந்த கேக் பெட்டியில் இருந்தது. ஆறு மாதமாகத் தரகரிடம் 'பாப்பம், பாப்பம்' என்று இழுத்தடித்தவர் அவர்.

கால் எடுக்க உதவுவதுபோல அன்ரி என்னிடம் குனிந்தார். "பிள்ளை, ஒண்டும் கதையாதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ" என்று காதுக்குள் சொன்னார்.

"படம்?" என்றேன் நானும் காதுக்குள். மானம் போன மனிதருக்குப் பேரம் பேச வெட்கமென்ன?

"தாறன். நில்லுங்கோ."

மறுபக்கத்தில் சுகன்யா கதிரையைப் பிடித்தாள். அவள் கை குளிர்ந்துபோயிருந்தது. "அக்கா, நானும் மாப்பிளையும் மூண்டு மாசமா ஃபோனிலை கதைக்கிறம். அவரின்ரை அம்மாதான் இழுக்கிறா. கொஞ்ச நேரம் காலை வெளியாலை எடுத்துப்போடாதேங்கோ" என்றாள். சிரிப்பு வரவில்லை எனக்கு. அந்தப் பெட்டைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் கை சொன்னது. நின்றேன்.

வெங்காய அம்மா உள்ளே வந்து, ஒருவரும் சொல்லாமலே உட்கார்ந்தார். "நீங்கள் எந்தப் பகுதி?" என்று என்னைக் கேட்டார்.

நான் கிளியைப் பார்த்தேன். "நான்... இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன் அம்மா" என்றேன். ஞாயிறு பள்ளியில் படித்த எனக்குப் பொய் சொல்ல வராது. இது பொய்யுமில்லை.

"அளவெல்லாம் எடுத்தாச்சுப் போலை" என்றாள் அவருடைய மகள், நாடாவைப் பார்த்து.

"ஓம். தண்ணியும் குடிச்சுப் பாத்தாச்சு" என்றாள் அபி, சோபாவிலிருந்து. அவள் ஃபோன் முதலிலிருந்தே என் பக்கம் திரும்பியிருந்தது.

அவ்வளவுதான். அந்த அம்மா சங்கிலியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார். "சனிக்கிழமை எண்டாலும் பரவாயில்லை. நல்லதை ஏன் தள்ளிப்போடுவான்? குறிப்புத்தான் பொருந்தியிட்டுதே. இண்டைக்கே கதைச்சு முடிப்பம்" என்றார்.

கதைத்து முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அங்கிள் என் காலை விடுவிக்கக் கத்தியோடு வந்தபோது வெங்காய அம்மா தடுத்தார். நல்ல காரியம் கதைக்கும்போது வெட்டுவது கொத்துவது கூடாதாம். அதனால் மாதம், மண்டபம், தாலி எத்தனை பவுண் என்பதெல்லாம் முடிவாகும்வரை நான் ஒரு கால் கதிரைக்குள்ளும் ஒரு கால் கதிரையின் மேலுமாக நின்றேன். தப்பித்தவறி நான் தும்மினால்கூட அந்த அம்மா ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுத்தார்.

எல்லாம் முடிந்ததும் அவர் எழுந்து வந்து, என் நெஞ்சிலிருந்த படத்தை உற்றுப் பார்த்தார். சிவப்புச் சேலை, கையில் கிளி. இரண்டு கையும் கூப்பினார்.

"மீனாட்சி அம்மன்! அம்மன்ரை முன்னாலைதான் எல்லாம் கதைச்சிருக்கிறம். இந்தப் படம் இந்தச் சுவரை விட்டு அசையக்கூடாது, சொல்லிப்போட்டன்."

அது சவர்க்காரம் விற்ற பெண் என்று சொல்ல என் வாய் திறந்தது. சுகன்யா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். அங்கிள் படத்தை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தார். (மெதுவாக என்று எழுதுகிறேன். இரண்டு பேர் இழுத்தார்கள்.) திரும்ப ஆணியில் மாட்டினார். அன்ரி உடனே சந்தனம் குழைத்து வந்து, என் கண் முன்னால், கண்ணாடிகூட இல்லாத அந்த அச்சுப்படத்தின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். அந்தப் பொட்டு என் நெஞ்சில் பட்டது.

பிறகு கதிரையை வெட்டிக் காலை எடுத்தார்கள். வாசல்வரை வந்த அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சொன்ன சொல் சொல்லுத்தான் பிள்ளை. மூண்டு பெட்டையளும் கரைசேரட்டும். படம் உங்களுக்குத்தான்."

நான் பொறுமைசாலி. காத்திருந்தேன்.

சுகன்யாவின் கலியாணத்தில் எனக்கு முன்வரிசை. மாப்பிள்ளையின் தாய், கைநழுவிப்போன சம்பந்தத்துக்காக என்மேல் இரக்கப்பட்டு, பலகாரம் இரட்டிப்பாக வைத்தார். மூன்று வருடம் கழித்து அன்ரி ஃபோன் எடுத்தார். இரண்டாவது மகளுக்குப் பேச்சு வந்திருக்கிறதாம், அந்தப் பகுதியும் இழுக்கிறதாம். "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வந்து கதிரையிலை ஏறி நில்லுமன்!" ஆராதனை முடிந்த கையோடு தேவாலயத்திலிருந்து நேராகப் போனேன். நாடா கொண்டுபோனேன். அங்கிள் முன்யோசனையாகப் பிளாஸ்டிக் கதிரை வைத்திருந்தார். அதுவும் ஒப்பேறியது. கிளிக்கார அம்மனுக்கு இரண்டாவது பொட்டு விழுந்தது.

மிச்சம் அபி. இப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது, நல்ல வேலை. சென்ற மாதம், தனக்குக் கலியாணமே வேண்டாம் என்று அறிவித்துவிட்டாள். பெண்பிள்ளைகளைக் கலியாணத்துக்கு நெருக்கக்கூடாது என்று வருடாவருடம் பேச்சுப்போட்டிக்கு எழுதிக்கொடுக்கிறவள் நான். கேள்விப்பட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அச்சுவேலிக்குப் பறந்தேன்.

"குடும்பம் எண்டால் அதிலை ஒரு சந்தோஷம் இருக்கடி" என்று தொடங்கினேன்.

அபி என்னைத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அன்னம். மற்றது மைனா. என்னுடையவை அல்ல, வேறு பிரதிகள்.

"எங்கை எடுத்தனீ?" என்றேன்.

"தேடினா வரும் அக்கா. நீங்கள்தானே பழக்கினது. மூண்டாவது பிள்ளையும் கரைசேந்தால்தானே கிளி உங்களுக்கு? நான் கரைசேரேல்லை. வீட்டோடை இருக்கிறன், கிளியோடை இருக்கிறன். உங்கடை மற்றதுகளையும் தந்தியளெண்டால் ஆறையும் ஒண்டா வச்சுப் பாதுகாப்பன்" என்றாள். பிறகு ஃபோனை எடுத்து, நான் கதிரைக்குள் இறங்கும் அந்த வீடியோவை ஓடவிட்டாள். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அந்த வீட்டில் அது ஓடுகிறதாம். வெளிநாட்டுச் சொந்தங்களும் பார்த்துவிட்டார்களாம்.

எங்கள் வீட்டில் அதற்கு வீடியோ தேவையில்லை. நான் வெளிக்கிட்டு ஸ்கூட்டித் திறப்புக் கொத்தை எடுத்தால் போதும், "எங்கை, வெங்காயம் வாங்கவோ?" என்று அம்மா கேட்பார். அண்ணை, திரும்ப வளர்ந்த தலைமயிரைத் தடவிக்கொண்டு, "பிரம்புக் கதிரை இருக்கிற வீடோ எண்டு கேட்டுக்கொண்டு போ" என்பார். எட்டு வருடமாக நான் இதற்குப் பதில் சொன்னதில்லை.

இன்று காலை சொன்னேன். சாவகச்சேரியில் ஒரு பையன் இருக்கிறான் என்று சாந்தினி ரீச்சர் சொல்லியிருக்கிறார். நல்ல குடும்பமாம். பழைய தபால் முத்திரை சேர்க்கிறவனாம், அபிக்குப் பொருந்தும். முடிவு அவள் கையில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடு எப்படி, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று யாராவது போய்ச் சும்மா பார்க்கவேண்டுமே.

"எங்கை, வெங்காயம் வாங்கவோ?" என்றார் அம்மா.

"ஓம் அம்மா. ரெண்டு கிலோ" என்றேன். பட்டுச்சேலைதான் கட்டியிருந்தேன்.